தமிழும் மலையாளமும் கலந்த கோடுக்கு எந்த ஃபான்ட் வசதி?

கேள்வி: களியக்காவிளை வழியாகப் போகும் பஸ்களின் நேரத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் காட்டும் பைத்தான் புரோகிராம் எழுதுகிறேன். விண்டோஸ், வி.எஸ். கோடு, 1366 பிக்சல் லேப்டாப். சாயங்காலம் ஆனால் கண் எரிகிறது. ஊர்ப்பெயர் வரும் வரிகள் நேராக நிற்பதும் இல்லை. எந்த ஃபான்ட் போடலாம்?

பதில்: கண் எரிச்சலுக்கு ஃபான்ட் மாற்றிப் பார்க்கலாம். வரி கோணுவதற்கு எந்த ஃபான்டும் மருந்தில்லை. அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

ஆங்கில ஃபான்டைத் தேர்ந்தெடுக்கப் பத்து நிமிடம் போதும். ஒரு காலிக் கோப்பில் சுழியம், பெரிய ஓ, 1, சிறிய எல், பெரிய ஐ, | எல்லாவற்றையும் ஒட்டி அடியுங்கள். அடுத்த வரியில் ஆர், என் இரண்டையும் ஒட்டியும், பக்கத்தில் எம் தனியாகவும். அதற்கடுத்து . , : ; ( { [ அடியுங்கள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து படித்துப் பாருங்கள். எங்கே தயங்குகிறீர்களோ அங்கேதான் நாள் முழுக்கக் கண் உழைக்கிறது. கூரியர் நியூ இதில் தேறாது, எழுத்தின் கோடுகள் மெல்லிசு.

அகலத்தையும் பாருங்கள். ஜெட்பிரெயின்ஸ் மோனோ, ஃபீரா கோடு போன்றவற்றில் ஓர் எழுத்தின் அகலம் ஃபான்ட் அளவில் சுமார் 0.6 பங்கு. அளவு 15 என்றால் 9 பிக்சல், 100 எழுத்து வரிக்கு 900 பிக்சல். வலப்பக்கம் கோப்பைக் குட்டியாகக் காட்டும் மினிமேப்பை அணைத்துவிட்டால் உங்கள் திரையில் இது அடங்கும். ஐயோசெவ்கா 0.5 பங்குதான், 750-இல் முடிந்துவிடும். ஆனால் நெருக்கமாகத் தெரியும், எல்லோருக்கும் பிடிக்காது. விண்டோஸோடு வரும் கன்சோலாஸ் இரண்டுக்கும் நடுவில். என் ஓட்டு ஜெட்பிரெயின்ஸ் மோனோவுக்கு, அளவு 15, ரெகுலர் தடிமன். சிறிய எழுத்துகளுக்கே உயரம் அதிகம் என்பதால் வாசிக்க லேசாக இருக்கும். லைட் வகை வேண்டாம், இந்த மாதிரித் திரையில் சாம்பல் பூத்துப்போகும்.

அடுத்தடுத்த குறிகளை ஒரே வடிவமாகக் காட்டும் லிகேச்சரை அணைத்தே வையுங்கள். != என்று அடித்ததை ≠ என்று காட்டுவது அழகுதான், ஆனால் கோப்பில் இருப்பது இரண்டு குறிகள் என்பது மறந்துபோகும். அணைத்தால் தமிழ் உடையுமோ என்று பயப்பட வேண்டாம். உயிர்மெய் சேர்வது வேறு விதிகளால்.

இனி ஃபான்ட்களின் வரிசை. கன்ட்ரோலும் கமாவும் அழுத்தி செட்டிங்ஸைத் திறந்து, ஃபான்ட் ஃபேமிலி பெட்டியில் 'ஜெட்பிரெயின்ஸ் மோனோ', 'நிர்மலா யூஐ', மோனோஸ்பேஸ் என்று இதே வரிசையில், ஆங்கிலத்தில் கொடுங்கள். இடைவெளி உள்ள பெயருக்கு ஒற்றை மேற்கோள் போடுவது நல்லது. நிர்மலா விண்டோஸிலேயே இருக்கிறது, தமிழ், மலையாளம் இரண்டும் அதில் உண்டு. அதை முதலில் போட்டால் ஆங்கிலமும் அதிலிருந்தே வந்து, கோடு முழுக்கக் கோணும். பெயரில் ஓரெழுத்து தவறினாலும் எச்சரிக்கை வராது, அடுத்த ஃபான்ட் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும். புதிதாக நிறுவியது தெரியவில்லையென்றால் வி.எஸ். கோடை முழுசாக மூடித் திறங்கள்.

வரி உயரம் தானியங்கியில் 1.35 மடங்கு, அதாவது 20 பிக்சல். லைன் ஹைட்டில் 1.6 கொடுத்தால் 24 ஆகும். ரச்சனா, மீரா போன்ற பழைய லிபி மலையாள ஃபான்ட் போட்டால் இது அவசியம். அவற்றில் கூட்டெழுத்து கீழ்நோக்கி அடுக்கும், அடி வெட்டுப்படும்.

இப்போது கோணல். களியக்காவிளை நம் கணக்கில் 7 எழுத்து; துணைக்குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணும் பைத்தான் கணக்கில் 12. 15 இடத்துக்கு நிரப்பச் சொன்னால் 3 இடைவெளிதான் சேர்க்கும். திரையிலோ ளை ஓர் அகலம், ய வேறு அகலம். அதனால் நேரம், தடம் எண் இரண்டையும் முதலில் எழுதி, ஊர்ப்பெயரை வரியின் கடைசியில் வையுங்கள். இடப்பக்கம் நேராக நிற்கும். கோடுக்கான குறிப்பை வரிக்குப் பக்கத்தில் எழுதாமல் மேல் வரியில் எழுதுங்கள். டெர்மினலில் தமிழ் சிதறுவதும் இதே அகலச் சிக்கல்தான். வெளியீட்டைக் கோப்பில் எழுதித் திறந்து பாருங்கள்.

ஊர்ப்பெயர்களில் வேறு பொறிகளும் உண்டு. மலையாளத்தில் திருவனந்தபுரம், கொல்லம் எல்லாம் அனுஸ்வாரம் என்ற குட்டி வட்டத்தில் முடியும். யாராவது அங்கே ஆங்கில ஓ அடித்திருந்தால், மேலே சொன்ன வரிசை உதவும்: அந்த ஓ மட்டும் ஜெட்பிரெயின்ஸ் மோனோவில், 9 பிக்சல் கட்டத்தில் தள்ளி நிற்கும்.

நாகர்கோவிலில் அப்படிக் கண்ணால் பிடிக்கவும் முடியாது. மலையாளத்தில் அதற்கு இரண்டு சில்லெழுத்து, அதாவது உயிர் சேராத மெய்க்கான தனி வடிவம். 2008-இல் யூனிகோட் 5.1 சில்லுக்குத் தனிக் குறியீடு தந்தது; அதற்கு முன் மெய், சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத இணைப்பி என மூன்றாக எழுதினார்கள். பழைய பட்டியலும் புதிய பட்டியலும் திரையில் ஒன்றுபோலத் தெரியும், == போட்டு ஒப்பிட்டால் பொய் என்று வரும். ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் நார்மலைஸ் செய்தாலும் இவை ஒன்றாகாது. பட்டியலை உள்ளே வாங்கும்போதே பழைய வடிவத்தைப் புதியதாக மாற்றும் ரிப்ளேஸ் வரி ஒவ்வொரு சில்லுக்கும் எழுதியாக வேண்டும்.