44 வயதில் முன்னே பின்னே வரும் மாதவிடாய்: மெனோபாஸின் தொடக்கமா?

கேள்வி: எனக்கு 44 வயது. பள்ளி ஆசிரியை. ஒரு வருடமாகவே மாதவிடாய் கணக்கில் நிற்பதில்லை. ஒரு முறை 23 நாளில் வருகிறது, அடுத்தது 40 நாள் கழித்து. வந்தால் எட்டு ஒன்பது நாள், கட்டி கட்டியாகப் போகிறது. விடியற்காலையில் நைட்டி நனைகிற அளவு வியர்த்து விழித்துக்கொள்கிறேன். நெஞ்சு படபடக்கிறது, ஈ.சி.ஜி. நார்மல். பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். லேபில் எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) பார்த்ததில் அதுவும் நார்மல். ‘நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்’ என்கிறார் மாமியார். ‘கர்ப்பப்பையை எடுத்துவிடு, நிம்மதி’ என்கிறார் கூட வேலை பார்ப்பவர். நான் என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பெரிமெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றப் பருவத்தையே காட்டுகின்றன. அதை லேப் ரிப்போர்ட்டைவிட உங்கள் காலண்டர்தான் தெளிவாகச் சொல்கிறது. அடுத்தடுத்த இரண்டு சுழற்சிகளுக்கு இடையே ஏழு நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்து, அது திரும்பத் திரும்ப நடந்தால் இந்தப் பருவம் தொடங்கிவிட்டது என்று கொள்கிறோம். உங்களுக்கு வித்தியாசம் 17 நாள். 60 நாள், அதற்கும் மேல் என்று இடைவெளி விழத் தொடங்கினால் அது பிற்பகுதி. தொடர்ந்து 12 மாதம் வராமலிருந்தால்தான் மெனோபாஸ். நம் நாட்டில் அது சராசரியாக 46, 47 வயதை ஒட்டி வந்துவிடுகிறது. மேலைநாடுகளில் 51 வாக்கில். அதனால் 44 வயதில் இந்த மாற்றங்கள் வருவது அசாதாரணமல்ல. 40 வயதுக்கு முன்பே வந்தால் அது வேறு விஷயம், கட்டாயம் காரணம் தேடவேண்டும்.

எஃப்.எஸ்.எச். நார்மல் என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். இந்தப் பருவத்தில் அது வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். 45 வயதைத் தாண்டியவருக்கு அந்தப் பரிசோதனை பொதுவாகத் தேவையே இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? பிறக்கும்போது சினைப்பைகளில் பத்து முதல் இருபது லட்சம் முட்டைகள் இருக்கும். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். மாதவிடாய் நிற்கும் நேரத்தில் ஆயிரம் அளவில்தான் மிச்சம். சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் படிப்படியாகக் குறைகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முட்டைகள் குறையக் குறைய, மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் தூண்டுதல் கூடுகிறது. சில மாதங்களில் ஈஸ்ட்ரோஜென் முன்பைவிட அதிகமாகச் சுரந்து, பிறகு சட்டென்று விழுகிறது. ஒரு மாதம் மார்பகங்களில் வலி, அடுத்த மாதம் வியர்வை என்று மாறி மாறி வருவது இதனால்தான். கருமுட்டை வெளியேறாத மாதங்களில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சுரப்பதில்லை. அது இல்லாததால் கர்ப்பப்பையின் உள்சவ்வு கட்டுப்பாடில்லாமல் தடித்துக்கொண்டே போய், தாமதமாக, மொத்தமாக உதிர்கிறது. நீங்கள் சொல்லும் 40 நாள் இடைவெளியும் அதன் பின் ஒன்பது நாள் போக்கும் அநேகமாக இப்படி வந்தவைதான்.

உடல் வெப்பத்தைக் கவனிக்கும் மூளைப் பகுதியும் ஈஸ்ட்ரோஜெனின் பிடியில் இருப்பதுதான். பிடி தளரும்போது இம்மியளவு சூடு ஏறினாலும் உடம்பு கொதிப்பதாக எடுத்துக்கொண்டு ரத்தக்குழாய்களை விரிக்கிறது. முகமும் கழுத்தும் தகிக்கும், வியர்த்துக் கொட்டும், சில நிமிடங்களில் குளிரும், கூடவே படபடப்பு. இரவில் இது நடந்தால் தூக்கம் போகும். தூக்கம் கெட்டவருக்குக் கோபம் வருவதில் என்ன ஆச்சரியம்? வீட்டாரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். ஆனால் அழுகை, எதிலும் பிடிப்பின்மை என்று வாரக்கணக்கில் நீண்டால் அதை மனச்சோர்வாகவே எடுத்துக்கொண்டு சிகிச்சை பெற வேண்டும். மூட்டு வலி, மறதி, பிறப்புறுப்பு வறட்சி, சிறுநீர் எரிச்சலும் வரலாம். கடைசி இரண்டையும் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதேயில்லை. எளிய ஈஸ்ட்ரோஜென் கிரீமே நல்ல பலன் தரும், தயவுசெய்து கேளுங்கள்.

மாமியார் சொல்வதில் நான் முரண்படுவது உதிரப்போக்கு விஷயத்தில்தான். கட்டி கட்டியாக ஒன்பது நாள் போவதை வயதின் மேல் போட்டுவிட்டு இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். உங்கள் படபடப்புக்கு ரத்தசோகையோ தைராய்டோ காரணமாக இருக்கலாம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு), சர்க்கரை, ஒரு ஸ்கேன் என்று பாருங்கள். ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக்கட்டி), பாலிப் (உள்சவ்வில் வளரும் சிறு சதை), சவ்வுத் தடிப்பு இருந்தால் ஸ்கேனில் பெரும்பாலும் தெரியும். உங்கள் வயதில் இந்த அளவு போக்கு இருந்தால் உள்சவ்வைச் சிறிது எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்வோம். பயமுறுத்த அல்ல, புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யத்தான். உடலுறவுக்குப் பின்போ இரண்டு மாதவிடாய்க்கு நடுவிலோ ரத்தம் பட்டால் கர்ப்பப்பை வாயையும் பரிசோதிக்க வேண்டும். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

கர்ப்பப்பையை எடுப்பது கடைசி வழி. போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் எல்லாம் இருக்கின்றன. பலருக்கு அந்தச் சாதனமே அறுவை சிகிச்சையைத் தவிர்த்துவிடுகிறது. கர்ப்பப்பையை எடுத்தால் வியர்வையும் படபடப்பும் போகாது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் மெனோபாஸ் ஒரே நாளில் வந்து இறங்கும். எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். மருந்துக்கு அடங்காத போக்கு, பெரிய ஃபைப்ராய்டு, புற்றுநோய் போன்றவை இருந்தால்தான் அந்தப் பேச்சு.

வியர்வை உங்களை முடக்கினால் ஹார்மோன் சிகிச்சை உண்டு. கர்ப்பப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜெனை மட்டும் தரமாட்டோம், புரோஜெஸ்டிரானும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இது பொதுவாக ஆகாது. ஹார்மோன் இல்லாத மருந்துகள் அவர்களுக்கு இருக்கின்றன.

டாக்டரிடம் போகும் முன் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தொடங்கிய தேதி, முடிந்த தேதி, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி எவ்வளவு பெரிது, எந்த இரவுகளில் வியர்த்தது. கோயில் விசேஷத்துக்காக மெடிக்கல் ஷாப்பில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிப் போட்டிருந்தால் அதையும் குறியுங்கள், தேதிகள் அதனால் குழம்பியிருக்கலாம்.

இன்னொன்று: முன்னே பின்னே வந்தாலும் இடையிடையே கருமுட்டை வெளியேறவே செய்யும். 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றால் அதிலிருந்து இரண்டு வருடம், 50க்கு மேல் என்றால் ஒரு வருடம் வரை கருத்தடை தேவை. இரண்டு மாதம் வரவில்லையென்றால், நின்றுவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் கர்ப்பப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.