சிறுவர் நூலுக்கும் நாவலுக்கும் ஒரே மாதிரி மதிப்புரை எழுதலாமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாசகசாலையின் அறிவிப்புப் பலகைக்கு, ஜூன் 19 கேரள வாசிப்பு நாளையொட்டி, புது நூல்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லி இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி எழுத முடியாது.

முதலில் பதிப்பு விவரப் பக்கத்தைப் பாருங்கள். புது அட்டையோடு வரும் மறுபதிப்பைப் புது நூல் என்று எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

சிறுவர் நூலைச் சத்தமாக வாசிக்க வேண்டும். நாக்கு இடறும் வாக்கியம் அப்போதுதான் பிடிபடும். பிறகு எழுத்தை மூடிவிட்டுப் படங்களை மட்டும் புரட்டுங்கள். எழுத்து சொன்னதையே படமும் சொன்னால் படநூலாக அது பாதிதான் வென்றிருக்கிறது. அட்டையில் போட்ட வயதை நம்பாதீர்கள். இரண்டு மூன்று பிள்ளைகளிடம் கொடுத்து, எந்தப் பக்கத்தில் கவனம் கலைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையும் மலையாள வழியில் படித்து வீட்டில் மட்டும் தமிழ் பேசும் பிள்ளையும் ஒரே பக்கத்தில் தடுமாற மாட்டார்கள். அந்த வேறுபாட்டை எழுதுங்கள், பெற்றோருக்கு அதுதான் உதவும். எழுத்தின் அளவு, தாளின் கனம், தாள்களைக் கம்பிப் பின் அடித்துக் கட்டியதா பசையால் ஒட்டியதா என்பதும் சேரட்டும்.

நாவலென்றால் முதல் கால்பங்குக்கு மேல் கதையைச் சொல்லாதீர்கள். 300 சொல் மதிப்புரையில் கதைக்கு 80 போதும். சிறுகதைத் தொகுப்பில் எல்லாவற்றையும் தொடாமல் மூன்றை எடுத்து விரிவாகப் பேசலாம். கவிதையா? ஒன்றிரண்டு வரி மேற்கோள் இல்லாமல் எழுதினால் வீண்.

மலையாளத்திலிருந்து வந்த நூலென்றால் உங்களுக்கு ஒரு வசதி: மூலத்தில் ஒரு பக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மொழிபெயர்த்தவர் பெயரையும் மறக்காமல் போடுங்கள்.