மீசையில் மண்

அன்புள்ள ஐயா,

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். என் மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். இரண்டு வருடமாக ஜியு-ஜிட்ஸு என்கிற மல்யுத்தக் கலை கற்றுக்கொள்கிறாள். தீபாவளிக்கு வந்தவள், அடுத்த மாதம் பயிற்சிக்கூடத்தில் ஒரு பையனோடு மல்லுக்கு நிற்கப் போவதாகச் சொன்னாள். 'சப்மிஷன்' என்றாள், அடி உதை கிடையாதாம். அன்றிலிருந்து என் ஆத்தா பேத்தியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்குக் கோபமில்லை, விஷயம் பிடிபடவில்லை. இணையத்தில் தேடினால் வருவதை வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை. இது நிஜமான போட்டிதானா? ஆணைப் பெண் எப்படி ஜெயிப்பாள்? தடுக்க வேண்டுமா?

சொ.

அன்புள்ள சொ.,

நீங்கள் இணையத்தில் பார்த்தது வேறு சரக்கு. யார் தோற்க வேண்டும் என்று முன்பே பேசி வைத்துப் படம் பிடிப்பார்கள். மலாயாவுக்குக் கொண்டுவிற்கப் போன நம் பெரியவர்கள் கிங் காங், தாரா சிங் என்ற மல்லர்களின் சண்டையைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்களே, அதுவும் பாதி நாடகம்தான். உங்கள் மகள் கற்பது அந்த வகையில்லை.

நமக்குத் தெரிந்த குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் தோல்வி. பட்டதா இல்லையா என்று நடுவர் சொல்ல வேண்டும். தோற்றவன் இல்லையென்று சாதிக்கலாம். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொன்னவன் அந்தக் கோதாவைச் சேர்ந்தவன். தோற்பவரே தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டிய சப்மிஷனில் அவனுக்கு வேலையில்லை. முதுகு தரையில் பத்து நிமிடம் கிடந்தாலும் ஒன்றுமில்லை. முழங்கை பூட்டில் மாட்டியோ கழுத்து இறுகியோ இனி தாங்காது என்றானதும், தோற்பவரே எதிராளியின் உடம்பிலோ விரிப்பிலோ இரண்டு மூன்று தட்டுத் தட்ட வேண்டும். கை சிக்கிக்கொண்டால் காலால் தட்டலாம், வாயால் சொல்லலாம். வலியில் கத்தினாலே தோல்வி என்கிற விதிகளும் உண்டு. தட்டிய நொடியில் பிடியை விட்டுவிட வேண்டும்.

பெரிய அமைப்புகள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகத்தான் பட்டம் கொடுக்கின்றன. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோவுக்குக் கலப்பு அணிப் போட்டி வந்தது. அதில்கூட ஆணோடு ஆண், பெண்ணோடு பெண்தான். ஆணும் பெண்ணும் நேருக்கு நேர் மோதுவது பெரும்பாலும் பயிற்சிக்கூடத்திலோ, இருவரும் ஒப்புக்கொண்ட தனிப் போட்டியிலோ நடக்கும். எல்லாம் முன்கூட்டியே பேசி முடிவாகிவிடும்: எடை எவ்வளவு, எத்தனை நிமிடம், நின்றபடி தொடங்குவதா முழங்காலிட்டா, எந்தப் பிடிகளுக்குத் தடை. சில இடங்களில் ஒரு தட்டோடு ஆட்டம் முடியும். சில இடங்களில் நேரம் முடியும் வரை நடக்கும். ஒருவர் தட்டியதும் விலகி, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்குவார்கள். கடைசியில் யார் எத்தனை முறை தட்டினார் என்று எண்ணுவார்கள். குத்து, கடி, முடியைப் பிடித்து இழுப்பது, ஒற்றை விரலை மடக்குவது எதுவும் கூடாது.

பெண் எப்படி ஜெயிப்பாள் என்று கேட்டீர்கள். ஒரே எடை, ஒரே பயிற்சி என்றால் பெரும்பாலும் ஆண்தான் ஜெயிப்பான். இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. 2024 ஆகஸ்டில் லாஸ் வேகஸில், உலகப் பட்டங்கள் பல வென்ற, நல்ல ஆகிருதியுள்ள வீராங்கனை கேபி கார்சியா, கிரெய்க் ஜோன்ஸ் என்ற ஆண் வீரரோடு மோதினார். ஜோன்ஸ் பின்னாலிருந்து கழுத்தை நெரித்துத் தட்ட வைத்தார். ஆனால் பயிற்சி சமமாக இல்லாதபோது கதை மாறிவிடும். ஆண் பெண் வலு வித்தியாசம் தோளிலும் கையிலும் அதிகம், காலில் குறைவு. இந்த விளையாட்டோ காலுக்கு நிறைய வேலை கொடுக்கிறது. மல்லாந்து படுத்து, மேலே இருப்பவனைக் கால்களுக்குள் சிக்க வைத்து, அவன் கழுத்தையும் ஒரு கையையும் தொடைகளுக்கிடையே முக்கோணமாகப் பூட்டுவார்கள். கழுத்தின் இரு பக்கமும் ரத்தக் குழாய்கள் அழுந்தினால் சுமார் 10 நொடியில் நினைவு போய்விடும். புஜம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கணக்கு அதுதான்.

எனக்கு இது ஏட்டறிவு மட்டுமில்லை. நண்பரின் மகள் பயிலும் கூடத்துக்குச் சென்னையில் ஒருமுறை போனேன். எனக்கு 82 கிலோ, அந்தப் பெண்ணுக்கு 55 இருக்கலாம். 'வாங்க மாமா' என்றாள், போனேன். தட்ட வேண்டும் என்று புத்திக்குத் தெரிந்தது, கை எழவில்லை. ஒரு சின்னப் பெண்ணிடமா என்ற யோசனை. அந்த இரண்டு நொடிக்கு முழங்கை மூன்று வாரம் வலித்தது. அவள்மேல் தப்பில்லை, மெதுவாகத்தான் மடக்கினாள்.

கலப்புப் போட்டியில் நான் பயப்படுவது இதற்குத்தான். பெண்ணிடம் தட்டுவதா என்று வீம்பு பிடிப்பவன் தன் மூட்டை உடைத்துக்கொள்வான், அல்லது பயத்தில் முரட்டுத்தனமாகத் துள்ளி அவளை உடைப்பான். வடக்கே ஹமீதா பானு என்று ஒரு பெண் பயில்வான் இருந்தார். 1954-ல் பரோடாவில் பாபா பயில்வானை 1 நிமிடம் 34 விநாடியில் வீழ்த்தினார். தோற்றவர் அத்தோடு குஸ்தியையே விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். ஹமீதாவின் சண்டைகளெல்லாம் முன்னேற்பாடு என்று அப்போதே முணுமுணுத்தவர்கள் உண்டு. மீசை அவ்வளவு லேசில் மண்ணை ஒப்புக்கொள்ளாது.

ஆகவே பையனைப் பற்றி விசாரியுங்கள். சாதி, ஊர், குலம் கேட்கச் சொல்லவில்லை. கூடத்தில் பெண்களிடம் தட்டிப் பழகியவனா என்று கேளுங்கள். மகளிடமே கேட்டால் உடனே சொல்லிவிடுவாள். எடை வித்தியாசம் எவ்வளவு, நடுவர் யார் என்றும் கேளுங்கள். குதிகாலைத் திருகும் பூட்டைத் தடை செய்திருக்கிறார்களா என்று பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது; அதில் வலி தெரியுமுன்பே முழங்கால் தசைநார் அறுந்துவிடும். எல்லாம் சரியென்றால் தடுக்காதீர்கள். தடுத்தாலும் அவள் நிறுத்திக்கொள்வாள் என்று நான் நம்பவில்லை.

ஆத்தா விஷயம் கொஞ்சம் சிரமம். அவருக்கு உறுத்துவது தோல்வியோ காயமோ இல்லை, அந்நியப் பையனின் கை படுவது. அதை வாதம் செய்து ஜெயிக்க முடியாது. சிராவயல் மஞ்சுவிரட்டில் மாட்டின் திமிலைப் பிடித்துத் தொங்குபவனைப் பார்த்து ரசித்தவருக்கு, பிடி என்றால் என்ன என்று கண்ணால் காட்டலாம். மகள் அடுத்து ஊருக்கு வரும்போது வீட்டுப் பட்டாலையில் தடிமனான மெத்தை இரண்டு விரியுங்கள். ஆத்தங்குடிக் கல் தரை பார்க்க அழகு, பின்மண்டைக்கு ஆகாது. ஆத்தாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உங்கள் கையை மகளிடம் கொடுங்கள்.

அப்புறம், என்னைப்போல யோசித்துக்கொண்டிருக்காமல் சட்டென்று தட்டிவிடுங்கள்.