அப்பா அம்மாவோடு இரண்டு நாள் ஷ்ரூஸ்பரி போகலாமா, அங்கே என்ன பார்ப்பது?

தாராளமாகப் போகலாம். நீங்கள் இருப்பது பர்மிங்காம், ஆற்காட்டிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், லண்டன் பார்த்தாயிற்று, அப்பாவுக்கு வரலாறு என்றால் உயிர், அம்மாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் வேல்ஸ் எல்லைப் பக்கம் இருக்கும் அந்த ஊருக்கு நான் நான்கு தடவை போயிருக்கிறேன், அதில் ஒரு தடவை மாமனார் மாமியாரோடு. அதனால் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போவதை மனதில் வைத்தே சொல்கிறேன்.

ரயிலில் போங்கள், ஒரு மணி நேரம்தான். இறங்கியதும் வெளியே ஓடிவிடாமல் பிளாட்பாரத்திலிருந்து தெற்கே பாருங்கள், தண்டவாளங்கள் பிரிகிற இடத்தில் உயரமாக ஒரு சிக்னல் கேபின் தெரியும். 180 லீவர்கள் வைத்துக் கட்டியது. கையால் லீவர் இழுத்து இயக்கும் கேபின்களில் இன்றும் வேலை செய்பவற்றில் உலகத்திலேயே பெரியது அதுதான். என் மாமனார் ரயில்வேயில் இருந்தவர், அங்கேயே இருபது நிமிடம் நின்றுவிட்டார்.

செவர்ன் ஆறு இந்த ஊரைக் கிட்டத்தட்ட முழுக்கச் சுற்றி வளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஆறு விட்டுவைத்த ஒரே குறுகலான வாசலில்தான் நார்மன்காரர்கள் கோட்டை கட்டினார்கள், ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே செங்கல் நிறக் கல்லில் நிற்கிறது. அதற்கு எதிரே இருக்கும் நூலகம் முன்பு பள்ளிக்கூடம், சார்லஸ் டார்வின் படித்தது அங்கே. அவர் 1809-இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். வாசலில் அவருடைய சிலை இருக்கிறது, போட்டோ எடுத்துக்கொண்டு நகரலாம்.

ஊருக்குள் பார்க்க வேண்டியது சந்துகளைத்தான். அங்கே சந்துக்கு 'ஷட்' என்று பெயர். மரச்சட்டம் போட்ட நானூறு ஐந்நூறு வருஷத்து வீடுகள் இரண்டு பக்கமும் மேல்மாடியில் முன்னால் துருத்திக்கொண்டு வந்து, நடுவில் ஒரு முழம் வானம் தெரிகிற சந்துகளும் உண்டு. ஆனால் ஊர் மேடு, வைல் காப் என்ற தெரு நல்ல ஏற்றம். அம்மாவை டாக்சியில் மேலே 'தி ஸ்கொயர்' என்ற சதுக்கத்தில் இறக்கிவிட்டு, அங்கிருந்து மெதுவாக நடங்கள்.

அந்தச் சதுக்கத்துக்காகத்தான் உங்கள் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். 1596-இல் கட்டிய பழைய சந்தை மண்டபம் அங்கே இருக்கிறது. கீழே வளைவுகளுக்குள் போய்த் தூணைப் பாருங்கள், வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். விற்ற கம்பளித் தோல்களைக் கணக்கு வைக்க அதில் முளை செருகுவார்களாம். விரலை வைத்துப் பார்த்தால் நுனி மட்டும் உள்ளே போகும். அப்படியே திரும்பினால் மண்டபத்துக்கு முன்னால் உயரமான பீடத்தில் ராபர்ட் கிளைவ் வெண்கலச் சிலையாக நிற்கிறார். ஆமாம், உங்கள் ஆற்காட்டுக் கிளைவ்தான். 1744-இல் சென்னைக்குக் குமாஸ்தாவாக வந்து, 1751-இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி, 1753-இல் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டவர். வங்காளத்தில் பிளாசிப் போரில் ஜெயித்த பிறகு பெரும் பணத்தோடு திரும்பி இந்த ஊருக்கே மேயராகவும் எம்.பி.யாகவும் இருந்தார். சிலையை எடுத்துவிட வேண்டும் என்று 2020-இல் ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், கவுன்சில் ஓட்டெடுப்பு நடத்தி இருக்கட்டும் என்று முடிவு செய்தது. எனக்கு அந்த முடிவில் வருத்தம் உண்டு, வங்காளத்தைச் சுரண்டிய கையை இவ்வளவு உயரத்தில் வைத்துப் பார்க்க மனசு ஒப்பவில்லை. ஆனாலும் பாலாற்றங்கரையில் ஆற்காட்டுக் கோட்டையின் வாசலான டெல்லி கேட்டைப் பார்த்து வளர்ந்த உங்கள் அப்பா இந்தச் சிலையின் முன் ஒரு தடவை நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். கதையின் அடுத்த பாதி இங்கே இருக்கிறது.

அந்தப் பாதியில் இன்னொரு பங்கு போவிஸ் அரண்மனையில் இருக்கிறது. ரயிலில் அரைமணிக்குள் வெல்ஷ்பூல், எல்லை தாண்டி வேல்ஸ். கிளைவின் மகன் எட்வர்ட் 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர், ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது அந்தக் காலத்தில். திப்பு சுல்தானின் கூடாரமும், அவர் சிம்மாசனத்தில் இருந்த தங்கப் புலித்தலை ஒன்றும் அங்கே போயின. கூடாரத் துணியில் வெள்ளைப் பின்னணியில் பூச்சாடிகள், கொடிகள், சிவப்பும் பச்சையும். நம் ஊர் அச்சுத் துணியை இருட்டறையில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அருங்காட்சியக அறை எல்லா நாளும் எல்லா நேரமும் திறந்திருக்காது, போகுமுன் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மைல், அம்மாவுக்காக டாக்சி சொல்லிவிடுங்கள்.

அப்புறம் பிளாக்ஸ்மில் மால்டிங்ஸ். பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். 1797-இல் முடிந்த ஆளி நார் நூற்பாலை இது. அந்தக் காலத்து ஆலைகளில் மர உத்தரம், எங்கும் பறக்கும் பஞ்சுத் தூசி, வெளிச்சத்துக்கு விளக்கு, பொறி பட்டால் மொத்தமும் சாம்பல். சார்லஸ் பேஜ் என்பவர் மரத்தையே தூக்கிவிட்டு, வார்ப்பிரும்புத் தூண், வார்ப்பிரும்பு உத்தரம், மேலே செங்கல் வளைவு என்று கட்டினார். உலகத்தில் இரும்புச் சட்டத்தில் நின்ற முதல் கட்டடம் இதுதான். தூண்கள் நம் தொடை அளவு கூட இல்லை, கூட்டல் குறி மாதிரி நான்கு பட்டை, நடுவில் கொஞ்சம் பருத்து இரண்டு முனையிலும் மெலிந்திருக்கும். இன்றைய அடுக்குமாடிகள் எல்லாம் இதன் பேரப்பிள்ளைகள். பிறகு பார்லி முளைகட்டும் இடமாக ஓடி, 1987-இல் மூடி, பாழடைந்து கிடந்ததைச் சீர்செய்து 2022-இல் திறந்தார்கள். லிஃப்ட் இருக்கிறது.

கார் எடுக்க முடிந்தால் இரண்டாம் நாள் அயர்ன்பிரிட்ஜ். 1779-இல் எழுப்பிய இரும்புப் பாலம், நீளவாட்டில் முப்பது மீட்டர் தாவுகிறது. பக்கத்தில் போய் இணைப்புகளைப் பாருங்கள், தச்சர் மரத்தில் செய்கிற மாதிரி துளை போட்டுக் கழுந்து செருகி ஆப்பு அடித்திருப்பார்கள், இரும்பை வேறெப்படி இணைப்பது என்று அன்றைக்கு யாருக்கும் பழக்கமில்லை. போகிற வழியில் ராக்ஸட்டர், ரோமானியர்கள் விட்டுப்போன நகரம். புல்வெளி நடுவே ஏழு மீட்டர் உயரத்துக்குக் குளியல் மண்டபத்துச் சுவர் ஒன்று தனியாக நிற்கிறது. அரை மணி போதும், ஆனால் காற்று பலமாக அடிக்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

சிறைச்சாலையையும் சுற்றிக் காட்டுகிறார்கள், 2013-இல் மூடியது. படி அதிகம், எனக்கு அவ்வளவு பிடிக்கவுமில்லை, விட்டுவிடலாம். அந்த நேரத்துக்கு ஆற்றோரம் இருக்கும் குவாரி பூங்காவில் எலுமிச்சம் பழம் காய்க்காத அந்த 'லைம்' மரங்களுக்கு அடியில் பெஞ்சில் உட்காருங்கள். மேட்டின் மேலே வட்டமாகத் தெரிவது செயின்ட் சாட் தேவாலயம், டார்வினுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அங்கேதான். பழைய கோயில் இடியப் போகிறது என்று பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட் எச்சரித்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, 1788-இல் இடிந்தே விட்டது, அதற்குப் பிறகு கட்டியது இது.

ஊர்ப் பெயரை ஷ்ரூஸ்பரி என்றும் ஷ்ரோஸ்பரி என்றும் உள்ளூர்க்காரர்களே இரண்டு விதமாகச் சொல்கிறார்கள், டிக்கெட் கேட்கும்போது எப்படிச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். போய்வந்த பிறகு அப்பா சிலையைப் பார்த்து என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.