எந்த டாக்டர் எந்த ஆபரேஷன் செய்யலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அப்பாவுக்கு பைபாஸ். டாக்டரின் பெயருக்குப் பின்னால் ஏழெட்டுப் பட்டங்கள் இருக்கின்றன. அது போதாதா? (பட்டர்வொர்த்)

போதாது. பட்டம் வேறு, எம்.எம்.சி. (மலேசிய மருத்துவ மன்றம்) பதிவு வேறு, இன்னின்ன சிகிச்சையை இங்கே செய்யலாம் என்று மருத்துவமனை தரும் அனுமதி வேறு. எம்.எம்.சி. இணையத்தளத்தில் டாக்டரின் முழுப் பெயரைத் தேடுங்கள். இந்த ஆண்டுக்கான ஏ.பி.சி. (தொழில் செய்வதற்கான ஆண்டுச் சான்றிதழ்) இருக்கிறதா, எந்தத் துறையில் ஸ்பெஷலிஸ்ட் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்த அனுமதியைக் கொடுப்பது யார்? முதலாளியா? (செந்தூல்)

பரிந்துரைப்பது டாக்டர்கள் அடங்கிய ஆலோசனைக் குழு, கையெழுத்துப் போடுவது நிர்வாகம். தனியார் மருத்துவமனைகளில் அப்படியொரு குழு இருக்கவேண்டும் என்று 1998-ஆம் ஆண்டின் 586-ஆவது சட்டம் சொல்கிறது. பயிற்சிச் சான்று, லாக் புக் (செய்த ஆபரேஷன்களின் பதிவேடு), முன்பு வேலை செய்த இடத்தின் கருத்து, இழப்பீட்டுக் காப்புறுதி, பழைய புகார்கள் எல்லாம் குழுவின் மேசைக்கு வரவேண்டும்.

தங்கைக்குப் பித்தப்பைக் கல். இருபது வருட அனுபவமுள்ள சர்ஜன், புதிதாக வந்திருக்கும் ரோபோவில் செய்யலாம் என்கிறார். அதற்குத் தனி அனுமதி வேண்டுமா? (ஜெலுத்தோங்)

வேண்டும். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. அனுமதி என்பது ஆளுக்கு மொத்தமாகக் கொடுக்கும் லைசென்ஸ் அல்ல, ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனி. வயிற்றைத் திறந்து செய்வதில் கெட்டிக்காரர் என்பதால் ரோபோவிலும் கெட்டிக்காரர் ஆகிவிடமாட்டார். கை பழக வேண்டும், உடன் நிற்கும் தாதியரும் பழக வேண்டும். முதல் சில கேஸ்களை அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். ஆனால் கோடிக்கணக்கில் மெஷின் வாங்கியாகிவிட்டால் அது சும்மா நிற்கக்கூடாது என்ற அவசரம் வந்துவிடுகிறது. விளம்பரம் முதலில் வருகிறது, குழுவின் கேள்விகள் பிறகு வருகின்றன. ஓரிரு நாள் வகுப்புச் சான்றிதழைக் காட்டி அனுமதி வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். மூன்று விஷயங்களை நேராகவே கேளுங்கள்: இந்த ஆபரேஷனை, இந்த மெஷினில், இதே மருத்துவமனையில் எத்தனை செய்திருக்கிறார்? பாதியில் திறந்து செய்யவேண்டி வந்தது எத்தனை? இதற்கான அனுமதி எப்போது கிடைத்தது? நல்ல சர்ஜன் இதற்குக் கோபிக்கமாட்டார். கோபித்தால் வேறு டாக்டரைப் பாருங்கள். பித்தப்பைக்கு லேப்ரோஸ்கோப்பி (சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்) பல வருடமாக நன்றாகவே நடக்கிறது, அவசரமில்லை என்றால் யோசிக்க நேரம் இருக்கிறது.

ஒரு டாக்டரின் அனுமதியை எடுத்துவிட்டார்களாம். தப்பு செய்திருப்பார்தானே? (ஊர் இல்லை)

எந்த மருத்துவமனை, எப்போது, நீக்கமா, புதுப்பிக்கவில்லையா? ஒன்றையும் எழுதாமல் தீர்ப்பு மட்டும் கேட்கிறீர்கள். ஏ.பி.சி. காலாவதி ஆகியிருக்கலாம், அவரே விலகியிருக்கலாம், புகாரும் இருக்கலாம். விவரத்தோடு எழுதுங்கள். அதுவரை யாரிடமும் பரப்பாதீர்கள்.

"அவர் எங்கள் ஊழியர் இல்லை, சொந்தமாகத் தொழில் செய்யும் டாக்டர்" என்று மருத்துவமனை கைகழுவுகிறது. (கிள்ளான்)

அந்தப் பேச்சு இனி எடுபடாது. தனியார் மருத்துவமனைக்கு நோயாளியிடம் உள்ள கடமையை டாக்டர் தலையில் கட்டித் தப்பமுடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. மருத்துவக் குறிப்புகளின் நகலை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே எப்படி? (ஆயர் ஈத்தாம்)

அங்கும் மருத்துவமனைதான் முடிவு செய்கிறது. டாக்டர்கள் மீதான நடவடிக்கைகளையும் அவர்களுக்காகக் கொடுத்த இழப்பீடுகளையும் பதியும் தகவல் வங்கி ஒன்று 1990 முதல் தேசிய அளவில் இருக்கிறது. அனுமதி கொடுக்கும்போதும், அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் மருத்துவமனை அதில் பார்த்தாகவேண்டும். டாக்டர் பெயரைப் போட்டுப் பொதுமக்கள் அதில் தேடமுடியாது.

முகத்துக்கு ஃபில்லர் ஊசி. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சலூனில் விலை குறைவு. (பங்சார்)

போகாதீர்கள். சாதாரண கிளினிக் டாக்டரே இதைச் செய்ய சுகாதார அமைச்சின் எல்.சி.பி. (அழகியல் சிகிச்சைக்கான அனுமதிக் கடிதம்) வாங்கியிருக்கவேண்டும். சலூனில் ஊசி போடுவது சட்டவிரோதம். கிளினிக்குக்குப் போனாலும் எல்.சி.பி.யைக் காட்டச் சொல்லுங்கள், டாக்டரின் முழுப் பெயரை எம்.எம்.சி. தளத்தில் தேடுங்கள்.