வாசகர் கேள்வி – பதில்: மண்ணெண்ணெய்க்குள் செப்பு போவது எப்படி?

கேள்வி: மயில்துத்தக் கரைசலுடன் மண்ணெண்ணெயைச் சேர்த்துக் குலுக்கினால் இரண்டும் தனித்தனியாகவே நிற்கின்றன, நீல நிறம் நீரை விட்டு அசைவதில்லை. ஆனால் செப்பு ஆலைகளில் மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயைக் கொண்டே கரைசலிலிருந்து செப்பைப் பிரிக்கிறார்கள் என்று படித்தேன். இது எப்படி இயலும்?
– உயர்தர மாணவி, கிளிநொச்சி

பதில்: நீங்கள் கண்டது சரியே. இரண்டு நேரேற்றங்களைக் கொண்ட செப்பு அயனை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பற்றியிருக்கின்றன. ஏற்றமுள்ள துணிக்கைக்கு இடங்கொடுக்காத மண்ணெண்ணெய்க்குள் அது தானாகப் போகாது. சில உலோக உப்புகள் சேதனக் கரைப்பானில் நேரடியாகவே கரையும். யுரேனியத்தின் நைத்திரேற்று ஈதரில் கரைவதை பிரெஞ்சு வேதியியலாளர் பெலிகோ 1842இலேயே கண்டார். செப்புக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஆலைகளில் அந்த எண்ணெய்க்குள் ஐதரொட்சி ஒட்சைம் என்னும் வகையைச் சேர்ந்த ஒரு சேதனச் சேர்வையைக் கரைத்துவைக்கிறார்கள். உண்மையில் செப்பைப் பற்றுவது அதுவே. இம்முறைக்குக் கரைப்பான் பிரித்தெடுப்பு என்று பெயர்.

இச்சேர்வையின் இரண்டு மூலக்கூறுகள் நைதரசனாலும் ஒட்சிசனாலும் செப்பு அயனை நான்கு பக்கமும் பிணைத்து, தமக்குள்ளும் ஐதரசன் பிணைப்பால் கைகோத்து, செப்பின் பருமனுக்கு அளவான ஒரு வளையத்தை அமைக்கின்றன. அப்போது ஒவ்வொரு மூலக்கூறும் ஓர் ஐதரசன் அயனை நீருக்குள் விட்டுவிடுவதால், செப்பின் இரண்டு ஏற்றங்களும் ஈடாகி, வெளிப்புறம் முழுவதும் எண்ணெய்த்தன்மை கொண்ட, ஏற்றமற்ற ஒரு சிக்கற்சேர்வை கிடைக்கிறது. குலுக்கி வைத்துப் பார்த்தால் கீழே நீரின் நீலம் வெளிறியிருக்கும். மேலே தேன் நிறத்தில் இருந்த எண்ணெய் கரும்பழுப்பாகியிருக்கும். கரைசலில் கூடவே இருக்கும் இரும்பில் பெரும்பகுதி அந்த வளையத்துக்குப் பொருந்தாமல் நீரிலேயே தங்கிவிடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒரு செப்பு அயன் உள்ளே போக இரண்டு ஐதரசன் அயன்கள் வெளியே வருகின்றன என்பதே. சமநிலை மீளும் தன்மையுடையது. எனவே அமிலத்தன்மையே இதை ஆட்டிவைக்கிறது. நீங்கள் பாடசாலையில் எதனோயிக் அமிலத்தை நீருக்கும் பியூற்றனோலுக்கும் இடையே பங்கிட்டு அளக்கும்போது பங்கீட்டுக் குணகம் மாறிலியாகக் கிடைக்கும். இங்கே அப்படியல்ல. எண்ணெயில் சேர்வை போதியளவு இருக்கும்போது, நீரின் பி.எச். பெறுமானம் ஒன்று கூடினால் செப்பின் பங்கீட்டு விகிதம், அதாவது எண்ணெயிலுள்ள செறிவை நீரிலுள்ள செறிவால் வகுத்த பெறுமானம், நூறு மடங்கு கூடும். ஒன்று குறைந்தால் நூறில் ஒன்றாகும். அதனால்தான் ஏறத்தாழ பி.எச். 2 உள்ள கரைசலிலிருந்து எண்ணெய்க்குள் ஏறிய செப்பை, லீற்றருக்குச் சுமார் 180 கிராம் சல்பூரிக் அமிலம் கொண்ட கரைசலுடன் கலந்த மாத்திரத்தில் மீண்டும் நீருக்குள் இறக்கிவிட முடிகிறது.

இம்முறையின் பெருமை செப்பை ஏற்றுவதில் மட்டும் இல்லை, இறக்குவதிலும் இருக்கிறது. தாதுக் குவியலில் அமிலத்தைத் தெளித்துப் பெறும் கரைசலில் லீற்றருக்குச் சில கிராம் செப்பே இருக்கும். அதனுடன் இரும்பும் பிற அழுக்குகளும் கலந்திருக்கும். ஏற்றி இறக்கிய பின் அது லீற்றருக்குச் சுமார் 45 கிராம் கொண்ட தூய கரைசலாகிறது. அதை மின்பகுத்தால் கதோட்டில் 99.99 வீதத் தூய்மையுள்ள செப்புத் தகடு படிகிறது. அனோட்டில் உருவாகும் அமிலம் அடுத்த எண்ணெயிலிருந்து செப்பை இறக்கப் போகிறது. செப்பு எண்ணெய்க்குள் ஏறும்போது நீருக்குள் விடப்பட்ட அமிலமோ குவியலுக்குத் திரும்பி மீண்டும் தாதுவைக் கரைக்கிறது. 1968இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் புளூபேர்ட் சுரங்கத்தில் இது முதன்முதலாகத் தொழில் அளவில் இயங்கத் தொடங்கியது. வேதியியலில் இவ்வளவு நேர்த்தியான சுழற்சிகள் மிகச் சில என்பது என் கருத்து.

பரீட்சைக்கும் உதவும் ஒரு கணக்கு: பங்கீட்டு விகிதம் 4 என்றும், நீர்க் கரைசல் 100 மில்லிலீற்றர் என்றும் கொள்ளுங்கள். 100 மில்லிலீற்றர் எண்ணெயை ஒரே தடவையில் சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 வீதம், நீரில் எஞ்சும். அதே எண்ணெயை 25 மில்லிலீற்றர் வீதம் நான்கு தடவை சேர்த்துப் பிரித்தால் ஒவ்வொரு தடவையும் பாதி எஞ்சி, முடிவில் பதினாறில் ஒரு பங்கே, அதாவது 6.25 வீதமே மிஞ்சும்.

கேள்வி: கொக்கிளாய்க் கடல்நீரேரிக்கு அப்பால் புல்மோட்டையில் கனிய மணலைக் காந்தத்தால் பிரிக்கிறார்கள். அந்த மணலில் இருக்கும் மொனசைற்றின் அருமண் உலோகங்களையும் அவ்வாறே பிரிக்க முடியாதா?
– ஆசிரியர், முல்லைத்தீவு

பதில்: முடியாது. ஈர்ப்பு, காந்தம், மின்னேற்றம் ஆகிய முறைகள் ஒரு மணியை இன்னொரு மணியிலிருந்து பிரிப்பவை. இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கன் என்பன வெவ்வேறு மணிகளாக இருப்பதால் அவை அங்கே பயன்படுகின்றன. மொனசைற்றிலோ இலந்தனம், சீரியம், பிரசியோடிமியம், நியோடிமியம் முதலியன ஒரே பளிங்கினுள் பொசுபேற்றாகக் கலந்து கிடக்கின்றன. மணியைச் சூடான செறிந்த அமிலத்தாலோ எரிசோடாவாலோ உடைத்து, கதிர்த்தொழிற்பாடுள்ள தோரியத்தைப் பத்திரமாக விலக்கி, மற்றவற்றைக் கரைசலாக்கிய பிறகே உண்மையான சிரமம் தொடங்குகிறது.

இவை எல்லாம் மூன்று நேரேற்றம் கொண்டவை. பருமனிலும் ஏறத்தாழ ஒன்றே. இலந்தனத்திலிருந்து லுத்தீசியம் வரை அயன் ஆரை 103 பிக்கோமீற்றரிலிருந்து 86 வரை படிப்படியாகச் சுருங்குகிறது. அயலவர்களான பிரசியோடிமியத்துக்கும் நியோடிமியத்துக்கும் இடையிலான வேறுபாடு ஒரு பிக்கோமீற்றரைக்கூட எட்டாது. செப்புக்குப் போலவே இங்கும் எண்ணெயில் கரைத்துப் பரவலாகப் பயன்படுத்தும் பொசுபரசு சார்ந்த சேதன அமிலங்கள் சிறிய அயனைச் சற்று இறுக்கமாகப் பற்றுகின்றன என்றாலும், இவ்விரண்டின் பங்கீட்டு விகிதங்களும் ஒன்றுக்கொன்று ஒன்றரை மடங்கு அளவிலேயே வேறுபடுகின்றன. ஒரு தடவை குலுக்கினால் பயனில்லை. ஆகவே கலக்கும் தொட்டியும் அடைய விடும் தொட்டியுமாக நூற்றுக்கணக்கான சோடிகளை வரிசையாக வைத்து, எண்ணெய் ஒரு முனையிலிருந்தும் நீர் மறு முனையிலிருந்தும் எதிரெதிராக ஓட விடுகிறார்கள். சீரியம் மட்டும் நான்கு ஏற்றத்துக்கு ஒட்சியேறக் கூடியது என்பதால், பெரும்பாலும் முன்கூட்டியே இலகுவாக விலக்கப்படுகிறது.

கேள்வி: எங்கள் கிணற்று நீர் கடினமானது, கேத்திலில் வெள்ளைப் படிவு தடிப்பாகப் பிடிக்கிறது. எண்ணெயால் பிரிக்கும் இம்முறையால் கல்சியத்தை நீக்கிக் குடிக்கலாமா?
– குடும்பத் தலைவி, வவுனியா

பதில்: வேண்டாம், அம்மா. எவ்வளவு கவனமாக அடைய விட்டாலும் எண்ணெயின் நுண்துளிகளும் சிறிதளவு சேர்வையும் நீரில் தங்கும். ஆலைகளில் அந்த நீரை யாரும் குடிப்பதில்லை. கொதிக்க வைப்பதால் கடினத்தன்மையின் ஒரு பகுதி படிந்து விலகும். ஆனால் நீரில் புளோரைட்டு இருந்தால் அது விலகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஆகவே நீரை முதலில் பரிசோதித்து, புளோரைட்டு கூடுதலாக இருந்தால் ஆர்.ஓ. சுத்திகரிப்பு நீரையே குடிக்கப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: பழைய தொலைபேசிகளின் சுற்றுப்பலகைகள் என்னிடம் குவிந்திருக்கின்றன. அமிலத்தில் கரைத்து, வீட்டிலேயே இம்முறையில் செப்பு எடுக்கலாமா?
– பழைய இரும்பு வியாபாரி, மாங்குளம்

பதில்: தயவுசெய்து இதில் இறங்காதீர்கள். நைத்திரிக் அமிலத்தில் செப்பு கரையும்போது எழும் கபில நிற வாயு உடனே பெரிதாக வருத்தாமல், சில மணித்தியாலங்களுக்குப் பிறகு நுரையீரலில் நீர் கோக்கச் செய்து உயிரையே பறிக்கக் கூடியது. எண்ணெயின் பக்கத்திலும் ஆபத்து குறைவில்லை: எல்லாப் பாதுகாப்பு ஏற்பாடுகளும் கொண்ட அவுஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டாம் செப்பு ஆலையிலேயே 1999இலும் 2001இலும் கரைப்பான் பிரித்தெடுப்புப் பிரிவில் பெருந்தீ மூண்டது. வளவில் ஊற்றும் கழிவமிலம் ஈயத்தையும் செப்பையும் கரைத்துக்கொண்டு உங்கள் கிணற்றுக்கும் அயலவர் கிணற்றுக்கும் ஊறும். பலகைகளை உடைக்காமலும் எரிக்காமலும் மழை படாத இடத்தில் சேர்த்து வைத்து, இலத்திரனியல் கழிவு சேகரிக்க அனுமதி பெற்றவர்களிடம் நிறைக்கு விற்றுவிடுங்கள்.