டீ கிளாஸைத் தொட்டதும் சிகரெட் நினைவு ஏன்?

கேள்வி: வயது 36. பத்து வருட சிகரெட் பழக்கத்தை விட்டு ஏழு மாதம் ஆகிறது. வீட்டிலும் ஆபீஸிலும் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் பழைய டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கியதும் வாய் பரபரக்கிறது. போன வாரம் ஒன்று பற்றவைத்துவிட்டேன், குமட்டியது, பாதியிலேயே போட்டுவிட்டேன். பிடிக்காத ஒன்றின் மேல் ஏன் இந்த ஆசை? எனக்கு மன உறுதி இல்லையா?

பதில்: ஏழு மாதம் தாக்குப்பிடித்தவருக்கு மன உறுதி இல்லை என்று யார் சொன்னது? அதை விடுங்கள். குமட்டியது என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. வேண்டும் என்று துடிப்பதும், கிடைத்ததை ரசிப்பதும் ஒன்றுதான் என்று நினைக்கிறோம், மூளையில் இரண்டும் வேறு வேறு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் குழுவினர் எலிகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளை ஏறக்குறைய முழுதாக அழித்துப் பார்த்தார்கள். தீனியைப் பக்கத்திலேயே வைத்தாலும் அவை தொடவில்லை, ஆனால் இனிப்புத் தண்ணீரை வாயில் விட்டால் எப்போதும்போல உதட்டை நக்கின. ருசி இருந்தது, தேடும் வேகம்தான் போய்விட்டது. உங்களுக்கு அப்படியே தலைகீழ்: ருசி போய்விட்டது, தேடல் மட்டும் மிச்சம் இருக்கிறது.

சரி, அது ஏன் டீக்கடையில் மட்டும்? வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆராய்ச்சியாளர் குரங்குகளுக்கு ஒரு விளக்கைக் காட்டிவிட்டு ஒரு சொட்டு ஜூஸ் கொடுத்தார். முதலில் ஜூஸ் வந்தபோது துடித்த டோபமின் செல்கள், பழகிய பிறகு விளக்கு எரிந்தவுடனேயே துடித்தன, ஜூஸுக்கு அசையவில்லை. எரிந்தும் ஜூஸ் வராவிட்டால், வர வேண்டிய அந்த நேரத்தில் வழக்கத்துக்கும் கீழே இறங்கிப்போயின. விளக்கைப் பார்த்தவுடனேயே எழும் அந்தத் துடிப்புதான் உங்கள் பரபரப்பு. உங்களுக்கு விளக்கு என்பது சூடான கிளாஸ், கடை ஓரத்தில் கயிற்றில் கட்டித் தொங்கும் லைட்டர், பக்கத்தில் நிற்பவர் தீப்பெட்டி உரசும் சத்தம். புகையை இழுத்த பத்து, இருபது விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடும், அதனால் கிளாஸும் சிகரெட்டும் பத்து வருடமாக இறுக்கமாகப் பிணைந்துவிட்டன. நிகோடின் இல்லாமல் உடம்பு படும் அவஸ்தை பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கிவிடும், ஏழாவது மாதத்தில் உங்களைப் பிடித்து இழுப்பது நிகோடின் குறைவு அல்ல, அந்த இடம்.

இடத்துக்கு அவ்வளவு பலமா என்று தோன்றும். வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையாகி ஊர் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் தொடர்ந்து கவனித்தபோது, முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஊர் மாறியது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அதனால் "போய் நின்று என்னைச் சோதித்துப் பார்க்கிறேன்" என்ற எண்ணமே வேண்டாம், இதை நோயாளிகளிடம் கெஞ்சியே சொல்கிறேன். மூளை பழைய பாடத்தை அழிப்பதில்லை, மேலே புதியதை எழுதுகிறது, அது ஊறக் காலம் பிடிக்கும். மூன்று, நான்கு மாதம் கடையை மாற்றுங்கள், நேரத்தை மாற்றுங்கள், முடிந்தால் டீக்குப் பதில் மோரோ சுக்குக் காபியோ குடியுங்கள், கூட வரும் நண்பர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஆசை கிளம்பினால் அங்கேயே நின்று மல்லுக்கட்டாமல் நடக்க ஆரம்பியுங்கள், பெரும்பாலும் சில நிமிடத்தில் இறங்கிவிடும்.

போன வாரத்துப் பாதி சிகரெட்டால் ஏழு மாதம் வீணாகிவிடவில்லை. இரண்டாவதுதான் ஆபத்து, எப்போதாவது கிடைக்கும் ஒன்றை மூளை இன்னும் விடாமல் தேடும். அப்புறம், மறுபடி ஆசை இழுத்தால் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கும் (இதய நோய் இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்). சாதா சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்காதீர்கள்: சுருக்கென்று பட்டதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவையுங்கள், அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள், அரை மணி நேரம் இப்படியே. அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, ஜூஸ், சோடா வேண்டாம், நிகோடின் சரியாக ஏறாது. பேச ஆள் வேண்டுமென்றால் சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 எண்ணுக்குக் கூப்பிடுங்கள், காசு கிடையாது.